காலுக்கு எத்தனை வேலை?

தளவானூருக்கு நான் போனது மகேந்திரவர்ம பல்லவனைத் தேடிக்கொண்டு. அங்கே முதலில் என் கண்ணில் பட்டதோ ஒரு மிதிப்பெட்டி. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன்.

செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்கள் ராஜகிரியின் மேல் மூச்சு வாங்க ஏறுகிறார்கள். கல்யாண மஹாலைச் சுற்றி வருகிறார்கள். 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் சைன்யத்தோடு பொருது மாண்ட தேசிங்கு ராஜனுக்காக ஒரு பெருமூச்சு விடுகிறார்கள். பிறகு பஸ் ஏறிவிடுகிறார்கள். செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் இருக்கும் தளவானூரை நினைப்பவர்கள் சிலரே. தேசிங்குக்குச் சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன்பு, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மகேந்திரவர்மன் அங்கே ஒரு குன்றின் தெற்கு முகத்தைக் குடைந்து சிவபெருமானுக்குக் கோயில் எடுத்தான். தன் விருதுப் பெயர்களில் ஒன்றைச் சூட்டி, அதைச் சத்துருமல்லேசுவராலயம் என்று அழைத்தான். ஊர் ஜனங்களோ அந்தக் குன்றைப் பஞ்சபாண்டவர் மலை என்கிறார்கள். பாரதக் கூத்தில் ஊறிய சீமை அல்லவா? எந்தப் பாறையைக் கண்டாலும் அதில் பாண்டவர்களைக் குடியேற்றிவிடுவார்கள்.

அந்த ஊரில்தான் என் தம்பியின் வீடு. தம்பி இப்போது இல்லை. இருந்த காலத்தில் பகலில் விவசாயம். இரவில் கூத்து மேடையிலும் நாடகக் கொட்டகையிலும் ஆர்மோனியம். சுற்று வட்டாரத்தில் அவனுக்குப் 'பெட்டிக்காரர்' என்றுதான் பெயர். அவனுடைய கால் ஆர்மோனியம், பழைய வேட்டி ஒன்றால் மூடப்பட்டு, முன்பு நெல் மூட்டை அடுக்கி வைத்த அறையின் மூலையில் இன்னும் நிற்கிறது.

அதே அறையைத்தான் அவன் மகன் பாட்டுப் பதியும் அறையாக மாற்றியிருந்தான். சுவர்களில் ஜமக்காளங்கள் தொங்கின. மேஜைமேல் கணினி, நாற்காலிமேல் கிட்டார், தரையில் கறுப்புத் தகரத்தட்டு போல ஒரு சாதனம். அதில் இரண்டு வரிசையாகப் பத்துப் பொத்தான்கள். வலப் பக்கம் அகலமான இரண்டு மிதிகட்டைகள்.

"இது என்னடா தம்பி?" என்றேன்.

"மிடி கண்ட்ரோலர், பெரியப்பா. காலால மிதிச்சா கம்ப்யூட்டர்ல கிட்டார் சத்தம் மாறும்."

மிடி என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தமிழில் மிடி என்றால் வறுமை அல்லவா? அடுப்பங்கரையிலிருந்து அவன் தாயாரின் குரல் வந்தது: "பேரு சரியாத்தான் வச்சிருக்கான் மாமா. தீபாவளி போனஸ் பூரா அதுலதான் போச்சு!"

வேடிக்கையாகச் சொன்னாலும் அந்தக் குரலில் வருத்தம் இருந்தது. அதன் காரணம் அன்று சாயங்காலமே எனக்குத் தெரிந்தது.

தம்பி வாசித்த கூத்து மெட்டுகள் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அவற்றை முழுவதும் அறிந்தவர், அவனோடு முப்பது வருஷம் ஆடிப் பாடிய கூத்து வாத்தியார் ஒருவர்தான். அவருக்கு இப்போது எண்பதுக்கு மேல் ஆகிறது. அவர் பாட, தான் கிட்டாரில் தொடர, எல்லாவற்றையும் பதிந்து வைத்துவிட வேண்டும் என்பது பையனின் ஆசை. நாலு மாதமாக முயல்கிறான். ஒரு பாட்டுக்கூட முடிந்தபாடில்லை.

அன்று வாத்தியார் வந்தார், பாயில் உட்கார்ந்தார், கண்ணை மூடிக்கொண்டு ஒரு விருத்தம் எடுத்தார். குரல் நடுங்கியது, சுருதி நடுங்கவில்லை. பையன் கிட்டாரை மீட்டிக்கொண்டே தொடர்ந்தான். விருத்தம் முடிந்து தாளக்கட்டில் பாட்டு இறங்குகிற இடம். அவன் குனிந்து தரையைப் பார்த்தான். மேல் வரிசையில் மூன்றாவதா, கீழ் வரிசையில் மூன்றாவதா? கால் தடுமாறிப் பக்கத்துப் பொத்தானில் விழுந்தது. கிட்டார் கிணற்றுக்குள்ளிருந்து அழுவது போல ஒரு சத்தம் போட்டது. வாத்தியார் பாட்டை நிறுத்தினார்.

"ஏம்பா, உங்கப்பனும் கால்லதான் மிதிச்சான். ஒரு நாளும் குனிஞ்சு காலப் பாத்ததில்லியே!" என்றார். கோபமாகச் சொல்லவில்லை; அதனால்தான் அந்தப் பேச்சு பையனை அதிகமாகச் சுட்டது. அவர் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போனார். இன்னும் எத்தனை முறை இப்படி வந்து பாட அவருக்கு முடியும் என்ற எண்ணம் எங்கள் இருவர் மனத்திலும் இருந்தது. வாய்விட்டு யாரும் சொல்லவில்லை.

இரவு முழுவதும் வாத்தியாரின் சொல்லே என் காதில் ஒலித்தது. காலுக்கும் சங்கீதத்துக்கும் உள்ள உறவு பழையது. வேஷக்காரரின் சலங்கையே கூத்தில் ஒரு வாத்தியம். ஆனால் அது ஆடுகிறவரின் கால். வாசிக்கிறவரின் கால் நம் மேடைக்கு வந்த கதை வேறு. அது கடல் கடந்து வந்த கதை.

1810 வாக்கில் பிரெஞ்சுக்காரரான கிரெனியே என்பவர் 'உணர்ச்சி ஆர்கன்' என்ற பொருள்படும் பெயரோடு ஒரு கருவி செய்தார். காற்றில் துடிக்கும் உலோக நாக்குகள் அதில் நாதம் தந்தன. காற்றை அழுத்தி அனுப்பினால் ஓசை ஓங்கும். மெல்ல அனுப்பினால் தாழும். இந்த வழியில் வந்ததே ஆர்மோனியம். 1842-இல் பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் அந்தப் பெயரில் காப்புரிமை பெற்றார். மேஜை போன்ற உடல். கீழே இரண்டு மிதிபலகைகள். கால்கள் மாறி மாறி மிதிக்கத் துருத்தி காற்றைத் தள்ளும். இரண்டு கைகளும் கட்டைகளின்மேல் தாராளமாக ஓடலாம். அதில் 'எக்ஸ்பிரஷன்' என்று ஒரு குமிழும் உண்டு. அதை இழுத்துவிட்டால் காற்று சேமிப்புத் துருத்தியில் தங்காமல் நேரே நாக்குகளுக்குப் போகும்; காலின் ஒவ்வொரு நெளிவும் ஓசையில் தெரியும். கை ஸ்வரத்தைச் சொல்ல, கால் உணர்ச்சியைச் சொல்லும்.

பாதிரிமாரோடும் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களோடும் இந்தக் கருவி இந்தியாவுக்கு வந்தது. நாம் தரையில் உட்கார்ந்து பாடுகிறவர்கள். ஆகவே கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் போன்றோர், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கால்களை வெட்டி எறிந்துவிட்டு ஒரு கை துருத்தியை அசைக்கும் பெட்டியாக அதை மாற்றினார்கள். கச்சேரியும் பஜனையும் கைப்பெட்டியை ஏற்றுக்கொண்டன. தமிழ் நாடக மேடை மட்டும் கால் பெட்டியை விடவில்லை. காரணம் எளிது. மைக் இல்லாத காலம். கொட்டகையின் கடைசிப் பெஞ்சு வரையில் கேட்க வேண்டும். அதற்குப் பலத்த காற்றும் வேண்டும், இரண்டு கைகளும் வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களைப் பல கம்பெனிகள் ஊர் ஊராக நடத்திய காலத்தில், நடிகருக்குச் சமமான மதிப்பு ஆர்மோனியக்காரருக்கும் இருந்தது. கிட்டப்பாவின் சகோதரர் காசி ஐயர் ஆர்மோனியத்துக்காகவே பேசப்பட்டவர். 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குக் கதவைச் சாத்தியது. 1971-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. ஆனால் ஊர்த் திருவிழா மேடையில் வானொலியின் உத்தரவு செல்லுமா? அங்கே பெட்டி பாட்டுக்கு விடியும்வரை பாடியது. என் தம்பியும் அந்த வம்சம்தான்.

அவன் கால் என்ன செய்தது? இரண்டே காரியங்கள். காற்றுக் கொடுத்தது, அதன் அளவைக் கூட்டிக் குறைத்தது. அதற்கு மேல் அவன் காலிடம் எதுவும் கேட்கவில்லை. ஆகவே கால் தன் வேலையைத் தூக்கத்திலும் மறக்கவில்லை.

மின்சாரக் கிட்டார் வந்தபோது பழைய பிரச்சினை திரும்ப வந்தது. கிட்டார்க்காரனுக்கு இடக்கை தந்தியை அழுத்த வேண்டும். வலக்கை மீட்ட வேண்டும். நடுப்பாட்டில் ஓசையை மாற்ற மூன்றாவது கைக்கு எங்கே போவது? மறுபடியும் காலைத்தான் கூப்பிட்டார்கள். 1962-இல் ஓசையைக் கரகரக்கச் செய்யும் மிதிபெட்டி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1967-இல், குழந்தை அழுவது போல ஓசையை வளைக்கும் 'வாவா' மிதிகட்டை கடைக்கு வந்தது. ஒவ்வொரு மிதிபெட்டியும் ஒரு வித்தை செய்யும். வித்தை பெருகப் பெருகக் காலடியில் பெட்டிகளும் கம்பிகளும் பெருகின.

அப்புறம் வந்தது மிடி. அமெரிக்கரான டேவ் ஸ்மித், ஜப்பானியரான இகுதாரோ ககேஹாஷி முதலியோரின் முயற்சியால், போட்டிக் கம்பெனிகளின் இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது மொழி ஒன்று 1983-இல் பிறந்தது. இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. மிதிப்பெட்டி வாங்குகிறவர்கள் பலர் அதைக் கவனிப்பதில்லை. மிடிக் கம்பியில் நாதம் போவதில்லை, கட்டளைதான் போகிறது. 'இந்த இலக்கம் இந்த அளவு' என்று 0 முதல் 127 வரையில் எண்கள் போகின்றன. மொழியை வகுத்தவர்கள் காலை மறக்கவில்லை: 4-ஆம் இலக்கத்தை மிதிகட்டைக்கு ஒதுக்கினார்கள், 64-ஐ ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் மிதிக்கு, 11-ஐ எதற்குத் தெரியுமா? 'எக்ஸ்பிரஷ'னுக்கு. ஆம், பழைய ஆர்மோனியக் குமிழின் அதே பெயர்! மூலையில் வேட்டி போர்த்தி நின்ற பெட்டியும் தரையில் கிடந்த தகரத்தட்டும் தூரத்து உறவினர்கள்தாம்.

நாதத்தை அனுப்பாமல் கட்டளையை மட்டும் அனுப்புவது மேனாட்டார் கண்ட புதுமை என்று எண்ணிவிட வேண்டாம். புதுக்கோட்டைச் சீமையில் குடுமியான்மலைப் பாறையில், ஏழாம் நூற்றாண்டு எழுத்தில், ஸ்வரங்களை நான்கு நான்காகத் தொகுத்து ஏழு பகுதிகளாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ருத்ராசாரியர் என்பவரின் சீடனான ஓர் அரசன் மாணவர்களுக்காகச் செய்தது என்று அதுவே சொல்கிறது. அந்த அரசன் மகேந்திரவர்மனே என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். பின்னால் வந்த ஆராய்ச்சியாளர் சிலர் மறுத்தார்கள். யாராயிருந்தால் என்ன? அந்தப் பாறை பாடாது. இப்படிப் பாடு என்று சொல்லும். பாடுவதற்கு விரலும் கருவியும் வேண்டும். மிடியும் அப்படியே.

தமிழ்நாட்டில் இந்தக் கட்டளை மொழி சினிமா வழியாக வீட்டுக்குள் புகுந்தது. 1986-இல் வெளிவந்த 'புன்னகை மன்ன'னில் இளையராஜா கணினியின் துணையை நாடினார். 1992-இல் வந்த 'ரோஜா'வின் இசையை ஏ. ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டி அமைத்த பதிவுக்கூடத்தில் உருவாக்கினார். வீட்டறையிலும் நல்ல இசை பிறக்கும் என்று ஜனங்கள் நம்பத் தொடங்கிய காலம் அது. 2004-இல் 'கிட்டார் ரிக்' என்ற மென்பொருள் தனக்கென ஒரு மிதிப்பெட்டியையும் துணைக்கு அழைத்துக்கொண்டு வெளிவந்தது. அறை நிறையும் ஒலிபெருக்கிகளும் மிதிபெட்டிகளும் கணினிக்குள் அடங்கிவிட்டன. வெளியே மிஞ்சியவை கிட்டாரும் காலும்தான்.

மறுநாள் காலை பையனையும் கூட்டிக்கொண்டு குன்றுக்குப் போனேன். குகைக் கோயிலின் வாயிலில் துவாரபாலகர்கள் நின்றார்கள். நடுத் தூண்களின் மேலே, மகர மீன்களின் வாயிலிருந்து புறப்பட்ட கல் தோரணம் வளைந்திருந்தது. மத்தவிலாசம் என்ற கேலி நாடகம் எழுதியவன், சித்திரகாரப்புலி என்று பட்டம் பூண்டவன், சங்கீர்ணஜாதி என்ற விருதால் தாள வித்தகன் என்று இசை அறிஞர்களால் மதிக்கப்படுகிறவன் எடுத்த கோயில். இத்தனை வித்தை தெரிந்த மனிதன் தன் பெருமையை எப்படிப் பேசிக்கொண்டான்? அதை அறியப் பக்கத்து மண்டகப்பட்டுக்குப் போக வேண்டும். அங்கே அவன் பொறித்த கல்வெட்டு, செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் மும்மூர்த்திகளுக்கும் கோயில் எடுத்ததாகச் சொல்கிறது. தன்னிடம் இருந்தவற்றை அவன் எண்ணிக் காட்டவில்லை. தான் விட்டவற்றை எண்ணிக் காட்டினான். அப்படித் தள்ளிய பிறகு மிஞ்சிய பாறைதான் 1,400 ஆண்டுகளாக நிற்கிறது.

"தம்பி, ஒரு பாட்டு நடக்கும்போது உன் கால் செய்தே தீர வேண்டிய வேலை எத்தனை?" என்று கேட்டேன்.

பையன் குகைத் திண்ணையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினான். விருத்தத்துக்கு மெல்லிய ஓசை, பாட்டுக்குக் கனத்த ஓசை. இந்த மாற்றத்துக்கு ஒரு பொத்தான். பதிவைத் தொடங்கவும் நிறுத்தவும் ஒன்று. தான் வாசித்ததையே திருப்பி ஓடவிட்டு அதன்மேல் வாசிக்க ஒன்று. ஓசையை ஏற்றி இறக்க ஒரு மிதிகட்டை. எண்ணிக்கை அதற்கு மேல் போகவில்லை.

"மிச்சம் ஏழு பொத்தானும் இன்னொரு மிதிகட்டையும் எதுக்குடா?"

"பின்னால வேணும்னா இருக்கட்டும்னுதான், பெரியப்பா."

பின்னால் வேண்டும் என்று வாங்கியவை முன்னால் வந்து காலை இடறிவிட்டன. அந்தப் பெட்டியில் பத்துப் பத்தாக நூறு அமைப்புகளை வைக்கலாமாம். ஒரு பத்திலிருந்து அடுத்த பத்துக்குப் போக முதலில் ஒரு மிதி, பிறகு ஒரு மிதி. நூறு அறை உள்ள சத்திரத்தில் தன் அறையைத் தேடி அலையும் யாத்ரீகனைப் போல அவன் கால் அலைந்துகொண்டிருந்தது.

வீட்டுக்குத் திரும்பி இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். அவனுக்குத் தொழில் நுணுக்கம் தெரியும். எனக்குக் கேள்வி கேட்கத் தெரியும். அந்த யோசனையில் தேறியவற்றை, பிள்ளைகள் இதே ஆசையில் இருக்கும் வாசகர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

பொத்தானில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று வாசல் மணி போல: அழுத்தும்போது 127 என்ற எண்ணையும் விட்டவுடன் 0 என்ற எண்ணையும் அனுப்பும். மற்றது சுவரில் உள்ள விளக்கு ஸ்விட்ச் போல: ஒரு முறை அழுத்தினால் 127, மறு முறை அழுத்தினால்தான் 0. மென்பொருள் ஒன்றை எதிர்பார்க்கும்போது பெட்டி மற்றதை அனுப்பினால், இரண்டு முறை மிதித்தால்தான் ஒரு வேலை நடக்கும். ஒவ்வொரு பொத்தானையும் இஷ்டப்படி மாற்றிக்கொள்ள முடிகிற பெட்டிதான் நல்லது.

பழைய பெட்டிகளில் ஐந்து முள் கொண்ட வட்டச் செருகி இருக்கும். அதைக் கணினியோடு சேர்க்க நடுவே இன்னொரு சாதனமும், பெட்டிக்குத் தனி மின்சாரமும் வேண்டும். யுஎஸ்பி கம்பி உள்ளதோ நேரே கணினியில் செருகி, பல சமயம் மின்சாரத்தையும் அதிலிருந்தே பெற்றுக்கொள்ளும். வீட்டோடு வாசிக்கிறவனுக்கு இதுவே சௌகரியம்.

ஓசை தாமதமாக வருகிறது என்று மிதிப்பெட்டியை நொந்துகொள்வதில் பயனில்லை. ஐந்து முள் கம்பியில்கூட ஒரு கட்டளை போய்ச் சேர ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஆகும். கணினி ஓசையைச் சேர்த்துச் சேர்த்து வெளியிடும் அளவைக் குறைத்துப் பார்க்க வேண்டும். கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

இன்னொன்று, எந்த விளம்பரமும் சொல்லாதது. இந்தப் பெட்டிகளில் பல, பூட்ஸ் காலோடு மேடையில் நிற்பவனை நினைத்துச் செய்யப்பட்டவை. நாம் வீட்டுக்குள் செருப்புக்கூடப் போடுவதில்லை. இரும்புக் குமிழை வெறுங்காலால் இருபது தரம் அழுத்திப் பாருங்கள், தெரியும்! அதோடு, 'டக்' என்ற அதன் சத்தம் பாடுகிறவரின் மைக்கில் போய் விழும். மெத்தென்று அமுங்கும் பொத்தானாகவும், பெருவிரல் ஒன்றை மிதித்தால் சுண்டுவிரல் அடுத்ததைத் தொடாத இடைவெளியாகவும் இருக்க வேண்டும். கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மிதித்துப் பார்ப்பதே சரியான பரீட்சை.

தகரத்தட்டை வந்த விலைக்கு விற்றான். அதில் கிடைத்த பணத்தில் பாதிக்கு, மூன்று பொத்தான் உள்ள ஒரு சிறு பெட்டியும் அதில் செருகும் ஒரு மிதிகட்டையும் வந்தன. மீதிப் பணத்தைத் தாயாரிடம் கொடுத்தான். மிடி தீர்ந்தது என்று அவள் சிரித்தாள்.

மிதிகட்டையின் ஸ்தானத்தைப் பற்றி மட்டும் எங்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. கடைசியில் அவன், தகப்பனாரின் கால் ஆர்மோனியத்தின் மேலிருந்த வேட்டியை எடுத்து, ஸ்டூலில் உட்கார்ந்து, மிதிபலகையில் கால் வைத்துப் பார்த்தான். தேய்ந்து பள்ளமாயிருந்த அந்த இடத்தில் அவன் பாதம் கச்சிதமாகப் பொருந்தியது. அதே தூரத்தை அளந்து, அதே சாய்வில் புது மிதிகட்டையைத் தரையில் பொருத்தினான். அதற்கு அவன் கொடுத்த இலக்கம் 11.

மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. வாத்தியார் இரண்டு நாள் வந்தாராம். ஏழு பாட்டு முடிந்ததாம். எட்டாவதில் அவருக்கு இருமல் வந்துவிட, மிச்சத்தை அடுத்த அமாவாசைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் போயிருக்கிறாராம். புறப்படும்போது வாசற்படியில் நின்று, "இப்பதாம்பா நீ என் மூஞ்சியப் பாத்து வாசிச்ச" என்றாராம்.

அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். பிறகு, எட்டாவது பாட்டைத் தள்ளிப் போடாதே என்று பையனுக்கு உடனே பதில் எழுதினேன்.